கத்தரி எடுப்பதற்கு முன்

பஞ்சாபில் அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்க்கும் நர்ஸிடம் சீக்கிய நோயாளிகள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் வலியைப் பற்றி இருக்காது. பில் எவ்வளவு வரும் என்பதும் அப்புறம்தான். "சிஸ்டர் ஜி, முடியை எடுப்பீங்களா?" என்பார்கள். குரலைத் தாழ்த்திக் கேட்பவர்கள் உண்டு. கோபமாகக் கேட்பவர்கள் உண்டு. தானே கேட்கக் கூச்சப்பட்டு மகனை அனுப்பிவைப்பவர்களும் உண்டு.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. நர்ஸிங் முடித்து லூதியானாவுக்கு வேலைக்குப் போனவள், அங்கேயே பல வருடங்கள் தங்கிவிட்டேன். மூளை நரம்பியல் அறுவை வார்டு, பிறகு எலும்பு முறிவு, நடுவில் புற்றுநோய் வார்டு. விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அந்த சர்தார்ஜிங்க ஏன் முடியே வெட்டுறதில்லை?" இப்போது வடக்கே வேலைக்குப் போகும் நம்மூர் நர்ஸ் பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள். அவர்களுக்கு இது வெறும் தெரிந்துகொள்ளும் ஆசை மட்டுமல்ல. கையில் கிளிப்பரும் கத்தரியும் பிடித்து நிற்கப்போகிறவர்கள் அவர்கள்தான். அதனால் வார்டில் கேட்டதையும் பார்த்ததையும் செய்ததையும் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜக்ராவ் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். கோதுமை விவசாயி. மூளையின் மேலுறையில் கட்டி. புற்றுநோய்க் கட்டி இல்லை, ஆனால் எடுத்தே ஆக வேண்டும். கருநீலத் தலைப்பாகை, கட்டாமல் விரித்துவிட்ட வெண்தாடி, மார்பின் குறுக்கே கிர்பான் என்னும் சிறிய வாள். அமிர்தம் ஏற்றவர், அதாவது சீக்கிய நெறியில் முறைப்படி தீட்சை பெற்றவர், என்று பார்த்ததுமே தெரிந்தது. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "டாக்டர் சாப், தலையை உங்க கையில கொடுக்கிறேன். கேசம் குருவோடது, அதைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை."

டாக்டர் அதை ஒரு வேண்டுகோளாக எடுத்துக்கொண்டார், தொந்தரவாக இல்லை. முடியை எடுக்காமலேயே மண்டையோட்டைத் திறந்து மூடலாம் என்பது மருத்துவத்தில் புதிய செய்தியும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட அறுவைத் தொற்றுத் தடுப்பு வழிகாட்டியே, முடியை எடுக்க வேண்டாம், தவிர்க்கவே முடியாவிட்டால் கிளிப்பரால் மட்டும் எடுங்கள், சவரக்கத்தி கூடவே கூடாது என்கிறது. சவரக்கத்தி தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடுகிறது, கிருமி அதில் குடியேறுகிறது. வழுவழுவென்று மழித்தால்தான் சுத்தம் என்று நாம் பழகிவந்தது பழைய பழக்கம்.

ஆபரேஷனுக்கு முந்தைய இரவும் அன்று விடியற்காலையும் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்த திரவத்தால் அவர் தலையைக் கழுவினோம். கண்ணிலும் காதுத் துளையிலும் அது போகக் கூடாது, பஞ்சு வைத்துக் காக்க வேண்டும். அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்து, கீறப்போகும் கோட்டின் மேல் நேராக வகிடு எடுத்தோம். வகிட்டின் இரு பக்கமும் முடியைச் சிறு சிறு பின்னல்களாகப் பின்னி ரப்பர் பேண்ட் போட்டு ஒதுக்கினோம். உலோகக் கிளிப் எதுவும் இல்லை. தியேட்டரில் அந்தப் பின்னல்களை ஒட்டும் துணியால் மூடினார்கள். அரைமணி நேர வேலை கூடியது, அவ்வளவுதான். ஒரு முடியைக்கூட வெட்டாமல் கட்டி வெளியே வந்தது.

பின்னல் போடும்போது அவர் சொன்ன கதைகளைத்தான் பிற்பாடு வேறு பலரும் அவரவர் விதத்தில் எனக்குச் சொன்னார்கள். 1675-ல் ஒன்பதாவது குரு தேக் பகதூரை, ஔரங்கசீப்பின் ஆட்சியில், டெல்லி சாந்தினி சௌக்கில் தலைவெட்டிக் கொன்றார்கள். கூட்டத்தில் சீக்கியர்களும் இருந்தார்கள், ஆனால் பார்த்தால் யாரென்று தெரியாது என்பதால் பயத்தில் கூட்டத்தோடு கலந்துவிட முடிந்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர் மகன் பத்தாவது குரு கோவிந்த் சிங். 1699 வைசாக்கி நாளில் ஆனந்த்பூர் சாகிப்பில் பெருங்கூட்டத்தைக் கூட்டி, உருவிய வாளோடு நின்று "எனக்கு ஒரு தலை வேண்டும்" என்றார். ஒருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். இப்படி 5 பேர். லாகூர், ஹஸ்தினாபூர், பூரி, துவாரகை, பீதர் என்று நாட்டின் நாலா மூலையிலிருந்தும் வந்தவர்கள். அந்த ஐவரையும் பஞ்ச் பியாரே, அன்புக்குரிய ஐவர், என்று சொல்லி, தீட்சை பெற்ற சீக்கியர்களின் சமூகமான கால்சாவைத் தொடங்கினார் குரு. பிறகு அவர்களிடமே மண்டியிட்டுத் தானும் அமிர்தம் பெற்றார். அன்றிலிருந்து கால்சாவில் சேர்ந்தவருக்கு வெட்டாத கேசம் கட்டாயம்.

அந்த ஐவரில் பீதரிலிருந்து வந்த சாகிப் சிங், மரபின்படி, நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர். முடி வெட்டுவதைத் தொழிலாகக் கொண்ட குலத்திலிருந்து ஒருவர் எழுந்து, இனி என் முடி வெட்டப்படாது என்று முதல் ஐவரில் ஒருவராக நிற்கிறார். கர்நாடகத்து பீதர் நமக்குப் பக்கத்து மாநிலத்து ஊர்தான். இதைக் கேட்ட அன்று எனக்கு அந்த மதத்தின் மேல் இருந்த தூரம் குறைந்தது. சாதிப்பெயர்களை விட்டுவிட்டு ஆண்கள் எல்லாரும் சிங், பெண்கள் எல்லாரும் கௌர் என்று ஆனதும் இதோடு சேர்ந்ததுதான். எல்லார் தலையிலும் ஒரே கேசம், ஒரே தலைப்பாகை. அந்தக் காலத்தில் தலைப்பாகை மேல்தட்டு மக்களின் பெருமைக்கு அடையாளம் என்று சொல்வார்கள். அதைத் தோல் பதனிடுபவரும் தண்ணீர் சுமப்பவரும் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் அந்தத் தெருவில் என்ன மாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"தலையை 1699-லேயே கொடுத்தாச்சு, பேட்டா. இப்ப என்கிட்ட இருக்கிறது அவர் திருப்பிக் கொடுத்த தலை. அதிலே எதை வெட்டணும்னு நான் எப்படி முடிவு பண்ணுவேன்?" என்றார் பெரியவர். சீக்கியர்கள் ஏன் முடி வெட்டுவதில்லை என்பதற்கு நான் கேட்டதிலேயே நேரான பதில் இதுதான்.

இதை விட்டுவிட்டு வேறு காரணங்கள் நிறையச் சுற்றுகின்றன. முடி சூரிய ஒளியிலிருந்து வைட்டமின் எடுக்கிறது, ஆண்டெனா போல் பிரபஞ்ச சக்தியை இழுக்கிறது, வெட்டினால் உடம்பு புரதத்தை வீணடிக்கிறது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். உச்சந்தலையில் வாள்வெட்டைத் தாங்கத்தான் என்பார் சிலர். மருத்துவத் துறையில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், வைட்டமின் கதைக்கும் ஆண்டெனா கதைக்கும் ஆதாரம் கிடையாது. ஆதாரம் இல்லை என்பதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. ஒருவர் தன் குருவுக்குக் கொடுத்த வாக்கை, உடம்புக்கு நல்லது என்ற கணக்காகச் சுருக்கிவிடுகிறோம். நாம் பழனியிலும் வேளாங்கண்ணியிலும் முடி இறக்குகிறோம். அதற்கு யாராவது தோல் மருத்துவக் காரணம் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? நாம் கொடுத்துக் காட்டும் காணிக்கையை அவர்கள் வைத்துக் காக்கிறார்கள். வேண்டுதல் நமக்கு ஒரு நாளில் நிறைவேறிவிடும், அவர்களுக்குத் தினமும் காலையில் புதிதாகத் தொடங்கும்.

தினமும் என்பதை வார்டில் கண்ணால் பார்க்கலாம். கேசத்தோடு சேர்த்துக் குரு கொடுத்தது கங்கா என்ற சிறிய மரச்சீப்பு. எலும்பு முறிந்து கை தூக்க முடியாமல் கிடப்பவரும் காலையில் அதைத்தான் தேடுவார். காட்டுக்குப் போன துறவிகள் முடியைச் சடையாக விட்டார்கள். வேறு சில துறவிகள் மழித்தார்கள். சீக்கியர் வீட்டில் இருந்து, உழுது, கடை நடத்தி, பிள்ளை வளர்த்து வாழ வேண்டியவர். அதனால் வெட்டவும் கூடாது, சடையாகவும் விடக் கூடாது, நாள்தோறும் இரண்டு முறை வாரி முடிந்து துணியால் மூட வேண்டும். கேசம், கங்கா, கரா என்னும் இரும்புக் காப்பு, கிர்பான், கச்சேரா என்னும் அரைக்கால் உள்ளாடை, இந்த ஐந்தையும் எப்போதும் உடம்போடு வைத்திருப்பவர்கள் அமிர்தம் ஏற்றவர்கள். குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945-ல் ஏற்ற ரெஹத் மர்யாதா என்ற நெறிநூல், கேசத்தைக் குலைப்பதை நான்கு பெருங்குற்றங்களில் ஒன்றாக வைக்கிறது. புகையிலை இன்னொன்று. குற்றம் நேர்ந்தால் அமிர்தம் ஏற்ற ஐவர் முன் நின்று ஒப்புக்கொண்டு மறுபடி அமிர்தம் ஏற்க வேண்டும்.

விடிகாலையில் வார்டில் ஏதாவது ஒரு போனில் அமிர்தசரஸ் பொற்கோயிலின் நேரலை ஓடும். கடைசியில் அர்தாஸ் என்ற பிரார்த்தனை வரும்போது, எழ முடிந்தவர்கள் கட்டிலருகே எழுந்து நிற்பார்கள். அதில் தர்மத்துக்காகத் தலை கொடுத்தவர்களையும், உறுப்பு உறுப்பாக வெட்டப்பட்டவர்களையும், தலைத்தோல் உரிக்கப்பட்டவர்களையும், கடைசி மூச்சு வரை கேசத்தோடு தங்கள் நெறியைக் காத்தவர்களையும் நினைக்கச் சொல்லும் வரிகள் உண்டு. தலைத்தோல் என்றதும் அவர்கள் மனதில் வருபவர் பாயி தாரு சிங். பூலா கிராமத்து விவசாயி. காட்டில் ஒளிந்திருந்த சீக்கியர்களுக்கு உணவு கொடுத்தார் என்று பிடித்தார்கள். லாகூர் ஆளுநர் சகரியா கான் மதம் மாறி முடியை வெட்டச் சொன்னான். அவர் மறுத்ததால் 1745-ல் கேசத்தோடு தலைத்தோலையே அறுத்து எடுத்தார்கள் என்கிறது சீக்கிய மரபு. தினமும் இந்த வரியைக் கேட்டு வளர்ந்த ஒருவர் முன் கிளிப்பரோடு போய் நிற்கிறோம் என்பது நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் சுத்தத்தை நினைத்துக் கையை நீட்டுகிறோம், அவருக்கு லாகூர் ஞாபகம் வரும்.

இனி வார்டு வேலை. கேசம் என்றால் தலைமுடி மட்டுமில்லை, உடம்பு முழுவதும் உள்ள ரோமம். புதிதாக வருபவர்கள் இதைத்தான் தெரிந்துகொள்ளாமல் வருகிறார்கள். ஆஞ்சியோகிராமுக்குத் தொடை இடுக்கில், இசிஜிக்கு மார்பில், டிரிப்ஸ் போட முன்கையில் என்று நாம் யோசிக்காமல் ரோமம் எடுக்கும் இடங்கள் நிறைய. இசிஜிக்கு ரோமத்தை விலக்கிக் கொஞ்சம் ஜெல் வைத்து அழுத்தினாலே போதும். ஆஞ்சியோவை மணிக்கட்டு வழியாகச் செய்ய முடியுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்கலாம். டிரிப்ஸ் ஊசியை பிளாஸ்டர் இல்லாமல் பேண்டேஜ் சுற்றி நிறுத்தலாம். செயற்கை சுவாசக் குழாயை நாடாவால் கட்டினால் தாடியில் பிளாஸ்டர் ஒட்ட வேண்டியதில்லை. ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால் எடுக்கும்போது எண்ணெய் தொட்டு ஊறவைத்து எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் ரோமமும் சேர்ந்து வரும், வலியைவிட அதுதான் அவருக்கு உறுத்தும்.

தலைப்பாகை 5, 6 மீட்டர் துணி. முடிந்தவரை அவரே அவிழ்க்கட்டும். முடியாவிட்டால் வீட்டார் அவிழ்க்கட்டும். அவிழ்த்ததும் வெறுந்தலையாக விடாமல் சிறிய துணியோ, கொண்டையை மூடிக் கட்டும் பட்கா என்ற துணியோ கட்டிவிட வேண்டும். தியேட்டருக்குப் போகும்போது கொண்டை உள்ளே அடங்கும் அளவுக்குப் பெரிய, உப்பலான தொப்பியை எடுத்து வையுங்கள், தட்டைத் தொப்பி போதாது. அவிழ்த்த துணியைச் சுத்தமான உறையில் போட்டுத் தலைமாட்டு அலமாரியில் மேல்தட்டில் வைக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில், கால்மாட்டில், செருப்பு இருக்கும் பையில் வைக்கவே கூடாது. நான் டூட்டி ஒப்படைக்கும்போது மருந்து விவரத்தோடு தலைப்பாகை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

எம்ஆர்ஐ-க்கு அனுப்பும் முன் கொண்டைக்குள் விரல் விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும், அனுமதி கேட்டுவிட்டு. மரச்சீப்புதானே என்று நினைப்போம். சில சீப்புகளில் குட்டி இரும்புக் கிர்பான் பதித்திருப்பார்கள். தலைப்பாகையில் குண்டூசி இருக்கும். கையில் இரும்புக் காப்பு வருடக்கணக்கில் கழற்றாமல் இருந்து கையை விட்டுக் கழற்ற வராது. கை முறிந்து வீங்கும்போது காப்பு இறுக்கி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும், ஆகவே எலும்பு முறிவு வார்டில் வந்த உடனே பேச வேண்டிய விஷயம் அது. கையை உயர்த்தி வைத்து, சோப்பு நீர் தடவி, மெதுவாகக் கழற்றி, அடுத்த கையில் போட்டுவிடலாம் என்று சொன்னால் ஏறக்குறைய எல்லாரும் சம்மதிப்பார்கள். வெட்ட வேண்டி வந்தால் ஏன் என்று விளக்கி, வெட்டிய காப்பை அவர்களிடமே கொடுங்கள். கச்சேராவை முழுவதும் கழற்றாமல் ஒரு காலிலாவது இருக்கும்படி விடச் சொல்பவர்கள் உண்டு. கணுக்காலில் சுருட்டி வைத்தாலும் பெரும்பாலான ஆபரேஷன்களுக்கு அது தடையாக இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, அட்மிஷன் சமயத்திலேயே "கேசம் விஷயத்தில் நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா, ஜி?" என்று ஒரு வரி கேட்டு, பதிலை கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். ஷிஃப்ட் மாறும், எழுத்து மாறாது.

பெண்களை மறந்துவிடுகிறோம். தலைப்பாகை இல்லாததால் கௌர்களுக்கும் இதே வாக்கு உண்டு என்பது கண்ணில் படுவதில்லை. அமிர்தம் ஏற்ற பெண்களில் சிலர் தலைப்பாகையும் கட்டுகிறார்கள். புருவம் திருத்துவதில்லை, கைகால் ரோமம் எடுப்பதில்லை. மேலுதட்டு ரோமத்தைப் பார்த்து ஒரு கல்லூரிப் பெண்ணிடம் பக்கத்துக் கட்டில்காரர் அறிவுரை சொல்லத் தொடங்கியதும், அவள் அமைதியாக "இது எனக்குக் கொடுக்கப்பட்ட முகம், ஆன்ட்டி" என்று சொல்லித் திரும்பிப் படுத்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

புற்றுநோய் வார்டில் ஒரு பாட்டி. இடுப்பைத் தாண்டும் கூந்தல், முழுக்க நரைத்தது. கீமோவில் முடி கொட்டும் என்று எல்லாரிடமும் சொல்வதுபோல் அவரிடமும் சொன்னேன். கொத்துக் கொத்தாகக் கொட்டுவதைப் பார்க்க முடியாமல் முன்கூட்டியே ஒட்ட வெட்டிக்கொள்பவர்கள் பலர், அதை நாங்களே பரிந்துரைப்பதும் உண்டு. அவரிடம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. "தானா விழுந்தா அது அவனோட ஹுகம், பேட்டா. நான் கத்தரி வெச்சா அது என்னோட ஹுகம்" என்று அவரே சொன்னார். ஹுகம் என்றால் ஆணை. கடவுளின் ஆணைக்கும் விருப்பத்துக்கும் இசைந்து நடப்பது குரு நானக்கின் போதனையிலேயே தொடக்கத்தில் வருவது. தலையணையில் உதிர்ந்ததை மகள் சேர்த்து ஒரு மல்மல் துணியில் முடிந்து வைத்தாள். குப்பையில் போடாமல் அதற்கு ஒரு சுத்தமான உறை கொடுத்ததுதான் என் பங்கு. உதிர்ந்த முடியை என்ன செய்வது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், கேட்டுவிட்டால் போதும்.

எல்லாச் சீக்கியரும் இப்படி என்று எழுதினால் அது பொய். லூதியானா தெருக்களில் முடி வெட்டிய சீக்கிய இளைஞர்கள் நிறைய. ஒரே கட்டிலைச் சுற்றி மூன்று தலைமுறை நிற்கும். தாத்தா முழுக் கேசம், அப்பா தலைப்பாகை கட்டுவார் ஆனால் தாடியைக் கத்தரித்திருப்பார், பேரன் கிராப்பு. ஒருமுறை பேரன் தாத்தாவிடம் சீக்கியர்களின் வேதநூலான குரு கிரந்த் சாகிப்பில் உள்ள கபீரின் ஈரடியைச் சொல்லி வாதாடினான். இறைவன் ஒருவனிடம் அன்பு வை, இரண்டாம் எண்ணம் போய்விடும், பிறகு நீண்ட முடி வைத்தாலும் சரி, மொட்டை அடித்தாலும் சரி என்பது அதன் கருத்து. தாத்தா கோபப்படவில்லை. "கபீர் ஜி அன்பை முதல்ல சொல்றார். நீ அன்பை விட்டுட்டு மொட்டையை மட்டும் பிடிச்சுக்கிட்டே. எனக்கு அந்த அன்பு இந்த உருவத்துல வந்துச்சு" என்றார். பேரன் தாத்தாவின் முடியை வாரிக் கொண்டை போடத் தெரிந்தவன். அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் தீர்ப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. நர்ஸ்களுக்கு ஒன்று மட்டும்: கிராப்பு வெட்டியவர்தானே என்று அவரிடமும் கேட்காமல் ரோமம் எடுக்காதீர்கள், தாடி கத்தரித்தவர் "அரைச் சீக்கியர்" என்று பேசாதீர்கள்.

சிலர் முடி வெட்டியதன் பின்னால் 1984 இருக்கும். அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்ட பிறகு டெல்லியில் மட்டும் அரசுக் கணக்கின்படி 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். தலைப்பாகையையும் தாடியையும் பார்த்துத் தேடி வந்தது கும்பல். உயிர் பிழைக்கத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் கேசத்தைத் தாங்களே வெட்டினார்கள். டெல்லியிலிருந்து தப்பி லூதியானாவில் குடியேறிய குடும்பங்கள் பல. அப்படி ஒரு அம்மா, மகனுக்கு ஆபரேஷன் என்று வந்தவர், கத்தரி என்ற சொல்லைக் கேட்டதும் நடுங்கினார். மகனுக்கு அப்போது நடுவயது, மறுபடி முழுக் கேசம் வளர்த்திருந்தார். நாங்கள் டிரஸ்ஸிங் கத்தரியைக்கூட அவர் கண்ணில் படாமல் வைத்துக்கொண்டோம்.

வெட்டியே ஆக வேண்டிய நேரமும் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 129-ஆம் பிரிவு தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு ஹெல்மெட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. தலைப்பாகை அணிந்தவரின் உரிமையை நான் மதிக்கிறேன், ஆனால் இரவு நேர விபத்து வார்டில் நின்றவளாக, தலைக்காயத்தோடு வந்தவர்களை மறக்கவும் முடியவில்லை. ஜி.டி. ரோடு நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்த ஒரு வாலிபனை நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். மண்டைக்குள் ரத்தக் கசிவு. பின்னல் போட நேரமில்லை. அப்பா ஓடி வந்தார். டாக்டர் இரண்டே வாக்கியத்தில் நிலைமையைச் சொன்னார். அப்பா மகன் தலையில் கை வைத்து, "எவ்வளவு தேவையோ அவ்வளவு. அதுக்கு மேல ஒண்ணு கூட வேண்டாம்" என்றார். ஒரு பக்கம் மட்டும் எடுத்தோம். வெட்டிய முடியை கட்டுத் துணியால் கட்டி, பெயர் எழுதிய உறையில் போட்டு அப்பாவிடம் கொடுத்தோம். மறுபக்கம் நீளம் நீளமாகவே இருந்தது. பார்க்க ஒரே மாதிரி இருக்கட்டும் என்று மீதியையும் எடுத்துவிடுவது பல இடங்களில் வழக்கம், அதைக் கேட்காமல் செய்யவே கூடாது. பையன் கண்விழித்துத் தலையைத் தடவிப் பார்த்து அழுதான். பக்கத்துக் குருத்வாராவில் வேதம் வாசிக்கும் கிரந்தி வந்து, "நீ வெட்டிக்கலை, உன் உயிருக்காக வெட்டினாங்க. அர்தாஸ் பண்ணு, வளரவிடு" என்று தேற்றிவிட்டுப் போனார். நாங்கள் சொன்ன எந்த ஆறுதலும் அதற்கு ஈடாகவில்லை. கிரந்தியைக் கூப்பிடட்டுமா என்று நோயாளியிடம் கேட்பதும் நர்ஸிங்தான்.

கோவிட் சமயத்தில் இந்தக் கேள்வி சீக்கிய மருத்துவர்கள் மேலேயே வந்து விழுந்தது. தாடி இருந்தால் என்95 முகக்கவசம் முகத்தோடு ஒட்டாது. கனடாவில் மான்ட்ரியலில் மருத்துவர்களாக இருந்த சீக்கியச் சகோதரர்கள் இருவர், நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்த மனமில்லாமல், 2020-ல் தாடியை மழித்தார்கள். சேவையும் கேசமும் இரண்டுமே குருவின் கட்டளை, எதை விடுவது? அவர்கள் எடுத்த முடிவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிரிட்டனில் வேறு சிலர், தாடியைக் கட்ட ஏற்கெனவே பயன்படுத்தும் தாட்டா என்ற துணியின் முறையிலேயே ஒரு நீளும் பட்டையைத் தாடி மேல் இழுத்துக் கட்டி, அதன் மேல் கவசம் அணிந்து பரிசோதித்து, அது பொருந்துகிறது என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். வழி தேடினால் கிடைக்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம். சிறிய தலைக்காயத்துக்கும் அப்படி ஒரு வழி உண்டு. காயத்தின் இரு கரையிலும் உள்ள முடியைச் சில இழைகளாக எடுத்து, ஒன்றோடொன்று ஒரு முறுக்கு முறுக்கி, முறுக்கின் மேல் தோல் பசை ஒரு சொட்டு வைத்தால் காயம் மூடிக்கொள்ளும். தையல் வேண்டாம், மழிக்க வேண்டாம், பிறகு தையல் பிரிக்கவும் வேண்டாம். ரத்தம் நின்ற, நேரான, மிகப் பெரிதில்லாத காயமாக இருக்க வேண்டும். நீளமான முடி அங்கே தொல்லையே இல்லை, அதுதான் நூல்.

குழந்தைகள் வார்டில் அம்மாக்கள் அதிகம் கேட்பது பேன் பற்றி. பேனுக்காக ஒரு குழந்தையின் கேசத்தையும் வெட்ட வேண்டியதில்லை. பெர்மெத்ரின் 1 சதவீத லோஷனை வேர் முதல் நுனி வரை தடவி 10 நிமிடம் வைத்துக் கழுவி, ஈரத்தலையிலேயே பேன் சீப்பால் பகுதி பகுதியாக வாரி, ஒரு வாரம் பத்து நாளுக்குள் இன்னொரு முறை செய்தால் போய்விடும். வீட்டில் எல்லார் தலையையும் அன்றைக்கே பார்க்க வேண்டும். படுத்த படுக்கையாக இருக்கும் குழந்தைக்குச் சிக்கு விழுந்தால் தேங்காய் எண்ணெயோ கடுகெண்ணெயோ விட்டு ஊறவைத்து, நுனியிலிருந்து மேலே மேலே வாருங்கள், வேரிலிருந்து கீழே இழுக்காதீர்கள். பஞ்சாபின் பனிமூட்டக் காலத்தில் தலைக்குளியல் வெயில் வரும் நண்பகலில்தான். ஈரத்தோடு கொண்டை போட்டால் நாற்றமும் பொடுகும் வரும்.

பள்ளிக்குப் போகும் பையன்களின் நெற்றியோரமும் காதோரமும் உற்றுப் பாருங்கள். பட்காவுக்கு அடியில் கொண்டையைத் தினமும் ஒரே இடத்தில் இறுக்கி இழுத்துக் கட்டுவதால் அங்கே முடி மெலிந்து வழுக்கை விழத் தொடங்கும். தோல் மருத்துவர்கள் இதைச் சீக்கியச் சிறுவர்களிடம் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் கண்டுகொண்டால் திரும்ப வளரும், பல வருடம் விட்டால் வளராது. கேசத்தைக் காக்கக் கட்டும் கட்டே கேசத்தைத் தின்னக் கூடாது என்று நான் சொன்னால் அம்மாக்கள் உடனே புரிந்துகொள்வார்கள். கொண்டையின் இடத்தைச் சற்று முன்னும் பின்னுமாக மாற்றச் சொல்லுங்கள். நெற்றித் தோல் மேலே இழுபடாத அளவுக்குத் தளர்த்தச் சொல்லுங்கள். பள்ளி விட்டு வந்ததும் அவிழ்த்து, படுக்கும்போது தளர்வான ஒற்றைப் பின்னலாகப் போட்டுவிட்டால் காலையில் சிக்கும் குறைவு, பள்ளி வேன் வருவதற்குள் வாரி முடிக்கவும் முடியும்.